ஒம்பதாங் கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு மலை ஒரு சூரியன விட்டு வெளிய வர மாட்டேங்காங்க, என்ன செய்ய?

தக்கலை_டிராயிங்_மிஸ்:
தக்கலை பக்கம் ஒரு ஸ்கூல்ல டிராயிங் எடுக்கேன். 42 பிள்ளைங்க, வாரத்துக்கு ஒரு பீரியடு, பரீட்ச வந்தா அதையும் கணக்கு சார் வாங்கிட்டு போயிருவாரு. என்ன வரையச் சொன்னாலும் ரெண்டு மலை, நடுவுல சூரியன், ஒரு ஆறு, சாஞ்ச தென்னை. ஜன்னலுக்கு வெளிய வேளிமலை நிக்கி, அதப் பாத்து வரைங்கன்னா குனிஞ்சு அதே முக்கோணத்தத்தான் போடுதாங்க. பாதி பேரு "எனக்கு கை வராது மிஸ்"னு நோட்டையே மூடிருதாங்க. கலர் வாங்க காசு கேக்கவும் முடியாது.

தோவாளைக்காரன்:
கொஞ்ச நாளைக்கு வரையவே சொல்லாதீங்க மிஸ். எங்க ஊரு மாணிக்கமாலை பாத்திருப்பீங்கல்லா, 2025ல புவிசார் குறியீடு கெடச்சுதே அதுதான். வெள்ள அரளி, செவப்பு அரளி, நொச்சி இலை, பூவ மடிச்சு தட்டையா கட்டுனா கல்லு பதிச்ச மாதிரி இருக்கும். கட்டுகவங்க டிசைன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க, இத்தன வெள்ள இத்தன செவப்புன்னு எண்ணிக்கதான். கட்டம் போட்ட நோட்டுல ரெண்டு கலர் பேனா வச்சு அதே மாதிரி நெறைக்கச் சொல்லுங்க. கை வராதவனுக்கும் வரும். கணக்கு சாரும் ஒண்ணும் சொல்ல முடியாது.

மட்டிப்பழம்:
வாழ மட்டைய குறுக்க வெட்டிப் பாருங்க, உள்ள அறை அறையா இருக்கும், போஸ்டர் கலர்ல தொட்டு பேப்பர்ல குத்துனா சூப்பரா விழும், வெண்டைக்கா பூ மாதிரி விழும். வெட்டுன உடனே குத்தாதீங்க, தண்ணி வந்து கலர் பரவிரும், பழைய பேப்பர்ல ரெண்டு தடவ ஒத்தி எடுக்கணும். வாழக்கறை யூனிபார்ம்ல பட்டா போகாது, பெறவு அம்மாமாரு ஒங்கள தேடி வருவாங்க 😄

ரிட்டயர்டு_மாஸ்டர்:
குத்துகது நல்ல வெளையாட்டுதான் மக்கா, ஆனா கண்ணு பழகாது. பக்கத்துலேயே பத்மநாபபுரம் அரண்மனை கெடக்கு, நம்ம மாவட்டத்துல இருந்தாலும் பாத்துக்கிடுகது கேரளா தொல்லியல் துறை. பூமுகத்து, அதான் வாசல் மண்டபத்து, மரக்கூரையில 90 பூ செதுக்கிருக்கு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஆளுக்கு ஒரு பூ, அஞ்சு நிமிசம் அண்ணாந்து பாக்கட்டு, வெளிய வந்து மனசுல உள்ளத வரையட்டு, திரும்பப் போய் எத விட்டோம்னு பாக்கட்டு. போன்ல படம் எடுக்க விடாத, எடுத்தா பாக்க மாட்டான். திங்கக்கிழமை லீவு, மறந்துராத. அந்த மலைக்கு ஒரு வழி இருக்கு: தீப்பெட்டி மேல்கூட்ட ஒத்தக்கண்ணுல வச்சு பாக்கச் சொல்லு, அதுக்குள்ள தெரியதத மட்டும் வரையணும்.

தக்கலை_டிராயிங்_மிஸ்:
தீப்பெட்டி நேத்து பாத்தாச்சு மாஸ்டர். ஒருத்தன் கரண்டு கம்பியையும் அதுல இருந்த காக்காயையும் மட்டும் வரஞ்சிருக்கான், மலை எங்கடேன்னா "கூட்டுக்குள்ள வரல மிஸ்"ங்கான். கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அரண்மனைக்கும் எச்செம் ஓகே சொல்லிட்டாரு, ஆனா தேதி திங்கக்கிழமை போட்டு வச்சிருக்காரு, நாளைக்கு போய் மாத்தணும்.