"ஒரு மாதிரி இருக்காங்க" என்றால் டாக்டருக்கு என்ன புரியும்?

பாளை நர்ஸ்
முதியோர் இல்லத்தில் வேலை. அந்த ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு. காலையில் காப்பியை நீட்டினேன், வாங்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மைனி, ஆத்துக்குப் போவமா?" என்றார்கள். காய்ச்சல் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டு, "ஆச்சி ஒரு மாதிரி இருக்காங்க" என்றால், "வயசாச்சுல்லா, அப்படித்தான்" என்றார். நான் விடவில்லை. "சார், நேத்து ராத்திரி வரை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க, இன்னைக்கு ஆளே தெரியல. அடிக்கடி ஒண்ணுக்குப் போறாங்க. பிரஷர் 100/60, பல்ஸ் 108." அப்புறம்தான் கூட்டிவரச் சொன்னார். மூத்திரத்தில் கிருமி, ரத்தம்வரை பரவியிருந்தது. ஆச்சி தேறிவிட்டார்கள். ஆனால் துபாயில் இருக்கும் மகன், "முந்தாநாள் வீடியோ காலில் நல்லாத்தானே பேசினாங்க, நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டது இன்னும் உறுத்துகிறது.

சென்னை மகள்
அந்த மகனைக் குறை சொல்லாதீர்கள் சிஸ்டர். என் அம்மா இருக்கும் இல்லத்தில் அவரை வீடியோவில் காட்டும்போது வலது பக்கம் மட்டுமே தெரிந்தது. "திரும்பும்மா" என்றேன். இடது நெற்றி கன்றி நீலமாக இருந்தது. முதல் நாளே விழுந்திருக்கிறார். "லேசாச் சறுக்கிட்டாங்க, நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல" என்றார்கள். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்! தலையில் அடிபட்டால் உடனே ஸ்கேன் பார்க்க வேண்டாமா? பயப்படுவது எங்கள் பாடு. எங்களிடம் மறைக்காதீர்கள்.

அம்பாசமுத்திரத்துக்காரன்
எங்கள் பெரியப்பாவுக்கு வாய் கோணியபோது பாளை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்டது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" யாருக்கும் தெரியவில்லை. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். வழக்கமாக எப்படி இருப்பார், எப்போதிலிருந்து மாறினார், இப்போது பிரஷர், சுகர், ஆக்சிஜன் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குக் கிருமி ஏறினாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். திடீர்க் குழப்பமும் சாப்பாட்டை ஒதுக்குவதும்கூட அறிகுறிதான். சர்க்கரைக்காரர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடவில்லையென்றால் சுகரை உடனே பாருங்கள். மாத்திரைச் சீட்டைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். குடும்பத்தில் ஒருவர் பொறுப்பெடுத்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும், நாலு பிள்ளைகளும் தனித்தனியாகக் கூப்பிட்டால் நர்ஸ் எப்போது வேலை பார்ப்பது? வாய் கோணல், மூச்சுத் திணறல் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ராத்திரி டூட்டி அக்கா
அண்ணாச்சி சொல்வதெல்லாம் சரி. ஆனால் நர்ஸும் டாக்டரும் மட்டும் பேசினால் போதுமா? குளிப்பாட்டுவது நாங்கள். ஒரு தாத்தாவுக்குக் கால் துடைக்கும்போது கணுக்காலை அழுத்தினேன், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. முந்தின வாரம் அது இல்லை. ரவுண்ட்ஸ் நேரத்தில் ஆயாக்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். உள்ளே போய், "சார், இந்தக் காலைப் பாருங்க, ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே தூங்குறாரு" என்றேன். இருதயம் பலவீனம் என்று அன்றைக்கே நீர் பிரிய மாத்திரை எழுதினார். ஆனாலும் எங்களை இன்னும் வெளியேதான் நிற்கச் சொல்கிறார்கள்.