2011 மப்பெட்ஸ் படத்துல வால்டர் தேவையா?

திரைவிரும்பி:
மப்பெட்ஸ்ங்கிற கைப்பொம்மைக் குழு மனுஷங்களோட சேர்ந்து நடிக்கிற 'தி மப்பெட்ஸ்' படத்தை ரொம்ப நாள் கழிச்சு மறுபடி பார்த்தேன். வந்த புதுசுல பாட்டும் கூத்துமா ஓடிப்போச்சு. இந்தத் தடவை ஒரே காட்சியில மனசு நின்னுடுச்சு. குழுவோட தலைவன், தவளைப் பொம்மை கெர்மிட் தன்னோட பெரிய வீட்டுக்குள்ள தனியா நடந்துக்கிட்டே, சுவர்ல மாட்டியிருக்கிற பழைய சகாக்களோட படங்களைப் பார்த்துப் பாடுமே, அது. படத்துக்குள்ள இருக்கிறவங்க உயிர்பெற்று கூடவே பாடுவாங்க. பிரிஞ்சுபோன ஒரு குழுவைப் பத்தி இதைவிட நேர்மையா யாரும் சொல்லிட முடியாது.

இப்படி ஒரு விஷயம் கையில இருக்கும்போது, மப்பெட் ரசிகனா வர்ற பொம்மை வால்டர், அவன் சகோதரன் கேரி, கேரியோட காதலி மேரின்னு புதுசா வந்தவங்களுக்கு ஏன் இவ்வளவு நேரம்? கேரியா ஜேசன் சீகலும் மேரியா ஏமி ஆடம்ஸும் மனசார நடிச்சிருக்காங்க, அதுல குறையே இல்ல. ஆனா பியானோ வாசிக்கிற நாய் ரோல்ஃப் மாதிரி ஒரு பழைய ஆள் குழுவுக்குத் திரும்புறது ஒரு கேள்வி, ஒரு 'சரி', அவ்வளவுதான். எனக்கு அது வருத்தமா இருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

பின்வரிசை:
வால்டர் இல்லைன்னா படமே இல்லைங்க. இவங்களோட 'தி மப்பெட் ஷோ' டிவி நிகழ்ச்சி 1981-லயே முடிஞ்சுடுச்சு. இந்தப் படத்துக்கு முந்தின தியேட்டர் படம் 1999-ல வந்தது. நடுவுல பிறந்த பிள்ளைங்களுக்கு இவங்க யாருன்னே தெரியாது. அவங்களைக் கைபிடிச்சு உள்ள கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும். ஆரம்பத்துல அண்ணன் தம்பி உயரத்தைக் கோடு போட்டுக் குறிக்கிற இடத்தைப் பாருங்க. கேரி வளர்ந்துக்கிட்டே போறான், வால்டர் கோடு மட்டும் ஏறவே இல்ல. தான் எந்த இனம்னு தெரியாத ஒருத்தனோட தவிப்பு அது. 'மேன் ஆர் மப்பெட்' (மனுஷனா, மப்பெட்டா) பாட்டு அதைத்தான் கேட்குது. அதை எழுதின பிரெட் மெக்கென்சிக்கு 2012-ல ஆஸ்கர் கிடைச்சது சும்மா இல்ல.

கைப்பொம்மை:
கெர்மிட் பாடுற அந்தக் காட்சிக்குப் பின்னால இன்னொரு பிரிவு இருக்கு. மப்பெட்ஸை உருவாக்கி, கெர்மிட்டை ஆட்டிப் பேசின ஜிம் ஹென்சன் 1990-ல இறந்துட்டார். அதுக்கப்புறம் கெர்மிட்டுக்குக் கையும் குரலும் கொடுத்தவர் ஸ்டீவ் விட்மயர், இந்தப் படத்திலும் அவர்தான். பன்றிப் பொம்மை மிஸ் பிக்கியும் கரடிப் பொம்மை ஃபோஸியும் ஃபிராங்க் ஆஸ் வளர்த்த பாத்திரங்கள். அவர் இதுல இல்ல, எரிக் ஜேக்கப்சன் செய்தார். பழைய கைகள் பல விலகின பிறகு, அதே பொம்மைகள் பழைய சகாக்களைத் தேடிப் போகுது. கதையில ஒரு வார்த்தை இதைப் பத்தி இல்ல, ஆனா எனக்கு ஒவ்வொரு தடவையும் கேட்குது.

கண்ணைத் தவிர கெர்மிட் முகத்துல கெட்டியான பாகம் எதுவும் கிடையாது. துணிக்குள்ள விரல்கள்தான். ஆட்டுறவர் கேமராவுக்குக் கீழே மறைஞ்சு, கையைத் தலைக்கு மேல தூக்கி, மானிட்டரைப் பார்த்துக்கிட்டே பேசணும், பாடணும். விரலைக் கொஞ்சம் உள்ளே மடக்கினா அந்த முகம் சுருங்கிப் போகும். அந்தப் பாட்டுல நீங்க பார்த்த சோகம் முழுக்க ஒருத்தரோட விரல்ல இருந்து வந்தது.

திரைவிரும்பி:
கைப்பொம்மை, இதைப் படிச்சுட்டு உடனே அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். வரிக்கு வரி முகம் மாறுது! ரொம்ப நன்றி.

பின்வரிசை, வால்டர் விஷயத்துல உங்க பக்கம் வந்துட்டேன். கடைசியில மேடையேறி விசில் அடிக்கிறானே, அந்த இடத்துக்காகவே அவன் வேணும். மப்பெட்ஸோட பழைய தியேட்டரை மீட்க வேண்டிய ஒரு கோடி டாலர் சேராம போறதும் சரியான முடிவுதான். தோத்துட்டு வெளியே வரும்போது தெரு நிறைய ரசிகர்கள் நிற்கிறாங்க, எனக்குப் பணம் சேர்ந்திருந்தாகூட அவ்வளவு நிறைவா இருந்திருக்காது. ஆனா மேரி சாப்பாட்டுக் கடையில தனியாப் பாடுற பாட்டைக் குறைச்சிருக்கலாம்னு இப்பவும் சொல்வேன்.

பின்வரிசை:
அதை மட்டும் வெட்டாதீங்க. மேரி மட்டுமா பாடுறா? இன்னொரு இடத்துல பிக்கியும் அதே பாட்டைத் தனியாப் பாடுறா. ஒருத்தி கேரிக்காகக் காத்திருந்து அலுத்தவ, இன்னொருத்தி கெர்மிட்டுக்காக. படம் முழுக்க அவங்க ரெண்டு பேர் பக்கத்துல இருந்து பேசுறது அந்த ஒரு பாட்டுதான்.