இம்பிடன்ஸ் டியூபில் ஒலி உறிஞ்சல் மைனஸில் வருகிறது, உதவி தேவை

சோழவந்தான்காரன்:
வணக்கம். தென்னை நார்ப் பலகை செய்கிறோம். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துச் சுவருக்குக் கேட்கிறார்கள். ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்று எண்ணாகச் சொல்ல வேண்டுமாம். அதற்காக நாங்களே ஒரு இம்பிடன்ஸ் டியூப், அதாவது ஒரு பொருள் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் குழாய், செய்தோம். 100 மி.மீ. உள்விட்ட பிவிசி குழாய், ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் 25 மி.மீ. பலகைத் துண்டு, நடுவே 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு யூஎஸ்பி மைக். கணக்கு ஐஎஸ்ஓ 10534-2 என்ற சர்வதேசத் தரமுறைப்படி. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மைனஸ். 1,760 பக்கம் வரைபடக் கோட்டில் பெரிய முள். அதே துண்டை மறுபடி அளந்தால் கோடு வேறு மாதிரி. நாரை இன்னும் இறுக்க வேண்டுமா?

குழாயடி:
நாரைத் தொடாதீங்க. முதலில் அந்த மைக்குகளை எடுங்கள். யூஎஸ்பி மைக் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் உண்டு, இரண்டும் ஒத்து ஓடாது. இந்த முறையோ இரண்டு மைக்குக்கும் இடையிலான ஃபேஸ் வித்தியாசத்தை, அதாவது அலை வந்து சேரும் நேர வித்தியாசத்தை, நம்பித்தான் நிற்கிறது. சாதாரண மைக் இரண்டு வாங்கி, ஒரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகுங்கள். ஒரு தடவை அளந்துவிட்டு, வயரை மாற்றாமல் மைக்குகளை மட்டும் இடம் மாற்றி மறுபடி அளந்தால், அவற்றின் ஃபேஸ் பிழையைக் கணக்கில் கழித்துவிடலாம்.

பழைய லேப்காரர்:
அந்த முள் மைக் கோளாறு இல்லை தம்பி. மைக்குகளின் இடைவெளி அரை அலைநீளம் ஆகும் இடத்தில் கணக்கே உடையும். இப்போது அங்கே வெப்பம் 36 டிகிரி இருக்குமா? ஒலிவேகம் நொடிக்கு 352 மீட்டர், 100 மி.மீ. இடைவெளிக்குச் சரியாக 1,760 ஹெர்ட்ஸ். 1,585-க்கு மேல் அந்த இடைவெளியை நம்ப வேண்டாம். 50 மி.மீ. வைத்தால் மேலே சரியாகும், ஆனால் 350-க்குக் கீழே ஆட்டம் காணும். மூன்று துளை போட்டு, கீழுக்கு ஒரு ஜோடி, மேலுக்கு ஒரு ஜோடி வையுங்கள். சும்மா கிடக்கும் துளையை உட்சுவர் மட்டத்துக்கு அடைக்க வேண்டும். குழாய் விட்டத்தால் 2,040-ஐத் தாண்டவும் முடியாது.
அப்புறம், பலகையை எடுத்துவிட்டு முனையைத் தடித்த இரும்பால் மூடி அளந்து பாருங்கள். உறிஞ்சல் சுழியை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் மற்ற எதையும் அளந்து பயனில்லை.

சோழவந்தான்காரன்:
நன்றிண்ணே. இன்டர்ஃபேஸ் மாற்றியதும் கோடு ஒரே மாதிரி வருகிறது, மூன்று துளை போட்டதும் முள்ளும் போய்விட்டது. ஆனால் இரும்பால் மூடிய வெறும் குழாயில் 400 பக்கம் ஒரு மேடு நிற்கிறது.

பழைய லேப்காரர்:
குழாய்ச் சுவர் அதிர்கிறதோ என்னவோ. மரப்பெட்டிக்குள் படுக்க வைத்துச் சுற்றிலும் மணல் கொட்டுங்கள். மூடி சேரும் இடத்தில் வாசலின் தடவுங்கள்.

சோழவந்தான்காரன்:
மணல் கொட்டியதும் மேடு அமுங்கிவிட்டது. பலகைக்கு 250-இல் ரொம்பக் குறைவு, 1,000-க்கு மேல் நன்றாக ஏறுகிறது. இதையே என்ஆர்சி (பலகைகளின் ஒலி உறிஞ்சலுக்குத் தரும் ஒற்றை எண்) என்று போட்டுக் கொடுக்கலாமா?

குழாயடி:
கூடாது. குழாயில் ஒலி நேராக மட்டும்தான் மோதும். என்ஆர்சிக்கு, ஒலி எல்லாப் பக்கமிருந்தும் மோதும் எதிரொலி அறையில் சோதிக்க வேண்டும். அதற்கு 10, 12 சதுர மீட்டர் பலகை கேட்பார்கள். நேர்மோதல் உறிஞ்சல் என்று எழுதி, தடிமனையும் பின்னால் காற்று இடைவெளி இல்லை என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அப்படியே பலகைக்குப் பின்னால் 50 மி.மீ. காற்று இடைவெளி விட்டும் ஒன்று அளந்து பாருங்கள், 250 கொஞ்சம் ஏறும்.