பழைய 486 போர்டுகளில் கேஷ் கோளாறு: உங்கள் அனுபவங்கள்

சென்னிமலையிலிருந்து:

ஜக்கார்டு அட்டைக்குத் துளையிடும் இயந்திரத்தை ஓட்டுவதற்காக எங்கள் ஊர்த் தறிக்கூடம் ஒன்றில் 486 பிராசஸர் கொண்ட பழைய கணினி ஒன்று இன்னும் டாஸ் இயங்குதளத்தில் ஓடுகிறது. அந்த இயந்திரத்தை இணைக்கும் பழைய ஐஎஸ்ஏ வகைக் கார்டைப் புதிய கணினியில் செருக இடமில்லை. கணினியின் தொடக்க அமைப்புகள் இருக்கும் பயாஸில், எக்ஸ்டர்னல் கேஷை (பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே போர்டில் தனிச் சிப்புகளாக இருக்கும் வேகமான நினைவகத்தை) அணைத்தால் மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடும். இயக்கினால், டாஸ் ஏறும்போது நினைவகத்துக்காக வரும் ஹைமெம் வரியிலேயே நின்றுவிடும். முன்பு வந்த சர்வீஸ்காரர் ரேம்தான் கெட்டது என்று நான்கு சிம் வகை ரேம் பலகைகளையும் மாற்றிப் பணம் வாங்கிச் சென்றிருக்கிறார். கேஷை அணைத்தால் ஓடுகிற கணினியில் முதலில் ரேமைக் குறை சொன்னது எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

மூடியைக் கழற்றி, கேஷில் எந்த முகவரியின் தரவு இருக்கிறது என்று குறித்துவைக்கும் டேக் சிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கணினியை இயக்கச் சொன்னேன். ஹைமெம் வரியைத் தாண்டி டாஸ் ஏறியது. விரலை எடுத்த நொடியில் திரை அப்படியே நின்றது. சிப்பை நெம்பி எடுத்துப் பார்த்தால், சாக்கெட்டின் துளைகளில் பஞ்சுத் தூசு படிந்து, உள்ளிருக்கும் தகடுகள் கறுத்திருந்தன.

திருப்பூரிலிருந்து:

உங்கள் போர்டில் இருந்தவை உண்மையான சிப்புகள் என்பதே நல்லகாலம், அண்ணா. ஒரு பனியன் கம்பெனியின் பழைய கணக்குக் கணினியில், இயங்கத் தொடங்கும்போது 256 கேபி கேஷ் என்று திரையில் வந்தது. வாங்கிய பில்லிலும் அப்படியே எழுதியிருந்தது. கேஷின் வேகத்தை அளக்கும் கேஷ்செக் நிரலை ஓட்டினால், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் 8 கேபி வரை வேகம் இருந்தது, அதற்குப் பிறகு நேராக ரேமின் வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு சிப்பைக் கட்டிங் பிளையரால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே சிலிக்கான் துண்டு இல்லை. வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் கால்களைப் பதித்திருந்தார்கள். 1990களின் நடுவில் வந்த மலிவு விலை 486 போர்டுகள் சிலவற்றில், பயாஸையும் பொய் சொல்லும்படி மாற்றியே இப்படி விற்றார்கள்.

கோவை, கணபதியிலிருந்து:

சென்னிமலை அண்ணன் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. சிப்பை அழுத்தும்போது போர்டும் வளைகிறது. பேட்டரி கசிந்து அரித்த செம்புத் தடம் ஒன்று அந்த வளைவில் ஒட்டிக்கொண்டாலும் கணினி ஓடும். ஒரு பட்டறையில் அமி பயாஸ் பதினொரு முறை பீப் அடித்தது, அதாவது கேஷ் கோளாறு. அங்கே சிப்புகளில் குறையே இல்லை, தடம்தான் அறுந்திருந்தது.

யாராக இருந்தாலும் முதலில் பயாஸில் ரைட் பேக்கை (கேஷில் மட்டும் எழுதிவிட்டு ரேமில் பிறகு எழுதுவதை) ரைட் த்ரூவாக (ரேமிலும் உடனே எழுதுவதாக) மாற்றி, வெயிட் ஸ்டேட்டை, அதாவது பிராசஸர் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். அதில் ஓடினால் சிப்பின் வேகம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். 15 நானோசெகண்ட் சிப்புகளுக்கு நடுவே யாராவது மெதுவான 20 நானோசெகண்ட் சிப்பைச் செருகியிருப்பார்கள். பிறகு போர்டில் கேஷ் அளவைத் தீர்மானிக்கும் சிறு செருகியான ஜம்பரை 128 கேபிக்கு மாற்றி, ஒரு வரிசையின் நான்கு சிப்புகளை மட்டும் வைத்துச் சோதியுங்கள். 28 கால் சிப்பை 32 துளை சாக்கெட்டில் வைப்பதானால், ஒன்றாம் கால் இருக்கும் பக்கத்தில்தான் நான்கு துளைகள் காலியாக இருக்க வேண்டும். நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்திருந்தால், அது காரம் என்பதால் முதலில் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகே ஆல்கஹால் போடுங்கள்.

மீண்டும் சென்னிமலையிலிருந்து:

நீங்கள் கேட்பது நியாயம்தான். சுற்றியுள்ள இடங்களை மரக்குச்சியால் அழுத்தியும் பார்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. டேக் சிப்பும், தரவை வைத்திருக்கும் டேட்டா சிப்புகளும் ஒரே வகை என்பதால் டேக் சிப்பையும் ஒரு டேட்டா சிப்பையும் இடம் மாற்றி வைத்தேன், கோளாறு அதே சாக்கெட்டில்தான் நின்றது. சாக்கெட்டை மாற்றிய பின் 256 கேபியும் இயங்குகிறது.