அவசர உதவி: மலை ஏறும்போது வான் எஞ்சின் சூடாகிறது (டீசல் மாற்றிய சின்க்ரோ)

பனிமலை87 (கல்கரி) – வெள்ளி இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். டீசல் எஞ்சின் மாற்றிய பழைய நாலு சக்கர இழுவை வான் ஒன்று, ஃபோக்ஸ்வாகன் சின்க்ரோ, போன மாதம் வாங்கினேன். கட்டில், பிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் நானே போட்டு முடித்தேன். இன்றைக்கு முதல் தடவையாக மலைப் பக்கம் கொண்டுபோனேன். ஏற்றத்தில் சூட்டு ஊசி முக்கால்வாசிக்குப் போய்விட்டது. பயத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஹைவூட் பாஸ் மலைக் கணவாய்ப் பாதை ஜூன் 15ஆம் திகதி திறக்கிறது. அந்தக் கிழமையே பிள்ளைகளோடு போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ரேடியேற்றரை மாற்றினால் சரியாகுமா? கெதியாகச் சொல்லுங்கள்.

வன்னிக்காடு (வன்கூவர்) – வெள்ளி இரவு 10:05

தம்பி, ரேடியேற்றரை இப்போதைக்கு விடுங்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். எந்த டீசல்? பழைய 1.6 டர்போவா, பிந்திய 1.9 டர்போ டீசலான டி.டி.ஐ.யா? எந்தக் கியரில் ஏறினீர்கள்? ரேடியேற்றர்த் தண்ணீர் குறைந்ததா? டாஷில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு மின்னியதா?

என் கணிப்பு, உள்ளே காற்று நிற்கிறது. இந்த வானில் எஞ்சின் பின்னால், ரேடியேற்றர் முன்னால். நடுவில் தரைக்கு அடியால் இரண்டு நீளக் குழாய்கள் ஓடுகின்றன. எஞ்சின் மாற்றும்போது காற்றைச் சரியாக எடுக்காமல் விடுவது சாதாரணம். முன் பக்கத்தை ஜாக் போட்டு உயர்த்தி, ஹீற்றர் வால்வுகளை முழுதாகத் திறந்து, எஞ்சினை 2000 சுற்றில் வைத்துக்கொண்டு, ரேடியேற்றர் மேல் மூலையில் இருக்கும் திருகைத் தளர்த்துங்கள். குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரைக்கும் பின்தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். தனியாகச் செய்ய முடியாது.

சுழல்விசை – வெள்ளி இரவு 10:31

டி.டி.ஐ. என்றால் இது கியர்ப் பிரச்சினைதான். அந்த எஞ்சின் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். அதனால் நாலாம் கியரிலேயே 1800 சுற்றில் மலை ஏறுகிறார்கள். எரிபொருள் நிறைய உள்ளே போகிறது, தண்ணீர்ப் பம்ப் மெதுவாகச் சுற்றுகிறது, சூடு நிற்கிறது. மூன்றுக்கு இறக்கி 2800, 3000இல் பிடியுங்கள். ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை.

ரைன்கரை (டியூஸ்பேர்க்) – சனி காலை 7:12

இருபது வருடமாக இந்த வான்களில் கை வைக்கிறேன். எஞ்சின் வகை எழுத்து இல்லை, வருடம் இல்லை, எத்தனை பாகை என்று இல்லை. 'ஊசி ஏறியது' என்று மட்டும் எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டையர்-டைம்லர்-புக் சேர்த்துக் கட்டிய நாலு சக்கர வான் அது. சாதாரண வானைப்போல நினைத்து வாங்கக் கூடாது. என்ன வாங்கினோம் என்பதை வாங்கமுன் படித்திருக்க வேண்டும்.

என் சந்தேகம் ஹெட் கேஸ்கெட், எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. நாளைக்குக் காலை எஞ்சின் குளிராக இருக்கும்போது இயக்கி, ஒரு நிமிடத்தில் மேல் குழாயைப் பிடித்துப் பாருங்கள். அதற்குள்ளேயே கல்லுப்போல இறுகினால் எஞ்சினில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது.

அதோடு, நாலு ரயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா? இதற்கும் பதில் வேண்டும்.

கொலராடோக்காரன் (டென்வர்) – சனி காலை 8:50

நானும் டி.டி.ஐ. போட்ட சின்க்ரோதான் ஓட்டுகிறேன். 3655 மீட்டர் உயரமான லவ்லேண்ட் பாஸில் கோடையில் ஏறியிருக்கிறேன். ஊசி நடுவில்தான் நின்றது. அதனால் இந்தச் சேர்க்கையே தவறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. பக்கவாட்டுக் காற்றுத்துளையிலிருந்து டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று போகிறதா என்று பாருங்கள். பல பேர் கட்டில் பெட்டியைக் கட்டும்போது அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். அவசரத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஏற்றத்தில் ஊசி ஏறினால் ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு ஜன்னலைத் திறந்து விடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும், ஊசி இறங்கும்.

பனிமலை87 – சனி மாலை 6:22

மன்னிக்கவும், விபரம் எழுதவில்லை. வான் 1987. எஞ்சின் 1.9 டி.டி.ஐ., விற்றவர் எஞ்சின் எழுத்து ஏ.எச்.யூ. என்று எழுதித் தந்தார். ஏறியது மூன்றாம் கியரில்தான். இன்று மருமகனை வைத்துக்கொண்டு காற்று எடுத்தேன். ஒன்றிரண்டு குமிழிதான் வந்தது. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. குழாய் இறுகவில்லை. சிவப்பு விளக்கு மின்னவில்லை.

பின்னேரம் திரும்ப அதே ஏற்றத்துக்குப் போனேன். ஊசி ஏறத் தொடங்கியதும் கொலராடோ அண்ணை சொன்னதுபோல ஹீற்றரை முழுதாகப் போட்டேன். இறங்கவில்லை. போட்ட உடனேயே இன்னும் கொஞ்சம் ஏறியது. உண்மையில் பயந்துவிட்டேன்.

ரைன்கரை – சனி மாலை 7:03

அப்படியென்றால் ஹீற்றருக்குள் தண்ணீர் ஓடவில்லை. தண்ணீர்ப் பம்ப். இந்த எஞ்சினில் பம்பை வெளிப் பெல்ட் சுற்றுகிறது, டைமிங் பெல்ட்டைக் கழற்றாமலே மாற்றலாம். ஆனாலும் டைமிங் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள்.

நிலா_பயணி (ஒட்டாவா) – சனி இரவு 8:15

இரண்டு வருடமாக வானிலேயே பாதி நாட்கள் இருக்கிறேன், அதனால் கேட்கிறேன். பிரிட்ஜ் எந்த வகை? பற்றறி என்ன? கல்கரியில் மாரிகாலத்துக்கும் வானை எடுப்பதாக இருந்தால் இதை இப்போதே யோசிக்க வேண்டும். நான் லித்தியத்துக்கு மாறியதிலிருந்து நிம்மதியாக இருக்கிறேன். 100 ஆம்பியர்-மணி பற்றறி பன்னிரண்டு கிலோதான் வரும். அதே அளவு ஏ.ஜி.எம். (ஈய-அமில வகை) முப்பது கிலோ.

ரைன்கரை – சனி இரவு 8:40

லித்தியத்தைப் பூச்சியம் பாகைக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. கல்கரியில் மைனஸ் முப்பது சாதாரணம். தெரியாதவருக்கு இப்படி ஆலோசனை சொல்ல வேண்டாம். ஏ.ஜி.எம். போடுங்கள், குளிரிலும் சார்ஜ் ஏறும்.

நிலா_பயணி – சனி இரவு 9:02

ஐயா, அது எனக்குத் தெரியும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பாதுகாப்புப் பலகை உள்ள பற்றறிதான் என்னிடம் இருக்கிறது. அதை வெளியே தொங்கவிடவும் இல்லை. கட்டிலுக்குக் கீழே, டீசல் ஹீற்றரின் வெப்பக் குழாய் போகும் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஏ.ஜி.எம்.மில் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போய்விடும். அப்போது 100இல் ஐம்பதுதான் கைக்கு வருகிறது. முப்பது கிலோவைச் சுமந்து ஐம்பது எடுப்பது எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வன்னிக்காடு – சனி இரவு 9:30

இரண்டு பேரும் சொல்வது சரிதான். ஆனால் லித்தியத்தை நேரே ஆல்ற்றனேற்றரில், எஞ்சின் சுற்றும் மின்னாக்கியில், கட்டக் கூடாது. பற்றறி கேட்கிற அளவுக்குக் கொடுத்துக் கொடுத்து ஆல்ற்றனேற்றர் எரிந்துபோகும். நடுவில் 20, 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று வேண்டும்.

டீசல் ஹீற்றர் பேச்சு வந்தபடியால் இதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகளோடு படுக்கிற வான். ஒழுங்காகப் பூட்டிய டீசல் ஹீற்றர் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியே விடும். ஆனால் புகைக் குழாயின் இணைப்புத் தரைக்கு மேலே இருக்கக் கூடாது, கீழே வெளிப்பக்கம் இருக்க வேண்டும். சமையல் காஸ் அடுப்பைக் குளிருக்கு எரியவிட்டு ஒருநாளும் படுக்காதீர்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை. தலைமாட்டில் ஒரு அலாரம் வைத்துவிட்டுத்தான் முதல் இரவு படுக்க வேண்டும்.

மின்பொறி (ஒஸ்லோ) – ஞாயிறு காலை 6:48

நான் எஞ்சின் ஆள் இல்லை, மின்சாரம் பார்க்கிறவன். ஆனால் ஒரு வரி என்னை விடவில்லை. ஹீற்றரைப் போட்ட உடனேயே ஊசி ஏறியது என்று எழுதியிருக்கிறீர்கள். பதினாறு லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் உள்ள எஞ்சின் ஒரு நொடியில் சூடாகாது. ஊசிதான் ஏறியிருக்கிறது. உண்மையில் சூடு ஏறியதா என்று இன்னும் ஒருவரும் அளக்கவில்லை.

மூன்று கேள்விகள். நீங்கள் ஏறியது இரண்டு தடவையும் ஹெட்லைட் போட்டா? சூட்டு ஊசி ஏறும்போது டீசல் ஊசியும் கொஞ்சம் மேலே போகிறதா? பிரிட்ஜின் எர்த் கம்பியை (மின்சாரம் திரும்பிப் போகிற கம்பி) எங்கே பூட்டினீர்கள்?

சுழல்விசை – ஞாயிறு காலை 8:10

எர்த் கம்பிக்கும் மலைக்கும் என்ன தொடர்பு? சமதரையில் ஏறாத ஊசி மலையில் ஏறுகிறது. சுமைதான் காரணம். ஒரு தடவை 3000 சுற்றில் ஏறிப் பாருங்கள் என்று திரும்பவும் சொல்கிறேன்.

மின்பொறி – ஞாயிறு காலை 8:35

தொடர்பு இருக்கலாம். கேளுங்கள். அந்த டாஷில் சூட்டு ஊசிக்கும் எரிபொருள் ஊசிக்கும் ஒரே சின்ன மின்னழுத்தச் சீராக்கி பத்து வோல்ற் கொடுக்கிறது. அந்தப் பத்து, டாஷின் எர்த்திலிருந்து கணக்கிட்ட பத்து. சூட்டு உணரியின் எர்த்தோ எஞ்சினில் இருக்கிறது. டாஷ் எர்த் முனை துருப்பிடித்தோ தளர்ந்தோ இருக்கும்போது ஹெட்லைட், ஹீற்றர் விசிறி, பிரிட்ஜ் எல்லாம் அதே முனையால் திரும்பி வந்தால், அந்த முனை எஞ்சினைவிட ஒரு வோல்ற் உயர்ந்து நிற்கும். ஊசிக்குப் பத்துக்குப் பதில் பதினொன்று கிடைக்கும். எஞ்சின் 90 பாகையில் இருந்தாலும் ஊசி முக்காலைக் காட்டும். எரிபொருள் ஊசியும் சேர்ந்து உயரும், அதனால்தான் கேட்டேன். மலைக்கு மாலையில் போனார், விளக்கோடு போயிருப்பார், குளிரென்று விசிறி போட்டிருப்பார். சமதரையில் பகலில் ஓடியிருப்பார்.

சோதிப்பது சுலபம். மல்ரிமீற்றரின் கறுப்புக் கம்பி முன் பற்றறியின் மைனஸில், சிவப்பு டாஷுக்குப் பின்னால் உள்ள எர்த் முனையில். எஞ்சின் ஓடட்டும், எல்லாவற்றையும் போடுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேலே காட்டினால் அங்கேதான் பிழை. அப்புறம் அகச்சிவப்பு வெப்பமானியால் எஞ்சின் தண்ணீரின் வழியைத் திறக்கும் தேமோஸ்ரற்றின் கூட்டை அளந்து பாருங்கள். அது 87 பாகைக்குக் கிட்டத் திறக்கிற சாமான். தொண்ணூறுக்குக் கிட்ட நின்றால் பயமே வேண்டாம்.

ரைன்கரை – ஞாயிறு காலை 9:20

அளந்து பார்க்கட்டும். ஆனால் பெல்ட் வயது தெரியாமல் மலைக்குப் போகக் கூடாது என்பதில் நான் மாறமாட்டேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரனும் மோதும்.

கொலராடோக்காரன் – ஞாயிறு காலை 10:05

பெல்ட் விஷயத்தில் ரைன்கரை சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நானும் வேன் வாங்கின வாரமே மாற்றினேன். ஹீட்டர் யோசனை சொன்னது நான்தான். அது நிஜமான சூட்டுக்குத்தான் பொருந்தும், இங்கே குழப்பத்தைக் கூட்டிவிட்டது. வருந்துகிறேன்.

நிலா_பயணி – ஞாயிறு மதியம் 12:40

மின்பொறி அண்ணாவின் விளக்கம் எனக்கும் உதவியது. நான் பற்றறி எர்த்தைக் கதவோரப் போல்ற் ஒன்றில் பூட்டியிருந்தேன். இன்று பெயின்றைச் சுரண்டி, வெறும் இரும்பில் தடிப்பான கம்பியோடு பூட்டினேன்.

ரைன்கரை – ஞாயிறு மதியம் 1:15

அது சரியான வேலை. சுரண்டிய இடத்துக்கு கிரீஸ் பூசிவிடுங்கள் பிள்ளை, உப்புப் போட்ட வீதிகளில் ஒரு மாரியிலேயே துரு வந்துவிடும்.

பனிமலை87 – செவ்வாய் இரவு 11:02

அளந்தேன். எல்லாவற்றையும் போட்டால் 0.9 வோல்ற் காட்டியது. பிரிட்ஜ் எர்த்தை நான்தான் டாஷ் முனையில் பூட்டியிருந்தேன், பக்கத்தில் இருந்தது என்று. அதைக் கழற்றி நேரே பற்றறிக்குக் கொண்டுபோனேன். டாஷ் முனையைச் சுரண்டி, புதுக் கம்பி ஒன்று கூடுதலாகப் போட்டேன். இப்போது 0.06. டீசல் ஊசியும் கால் பங்கு இறங்கிவிட்டது, இவ்வளவு நாளும் பிழையாகக் காட்டியிருக்கிறது. தேமோஸ்ரற் கூடு ஏற்றத்தில் 91. ஊசி நடுவில். பெல்ட் நாளைக்கு மாற்றுகிறார்கள். எல்லோருக்கும் பெரிய நன்றி, முக்கியமாக மின்பொறி அண்ணைக்கு.

மின்பொறி – புதன் காலை 6:30

நல்ல செய்தி. டீசல் ஊசி இப்போது உண்மையைக் காட்டும். அதற்கேற்ப டீசல் அடித்துக்கொள்ளுங்கள். ஹைவூட் பாஸ் பக்கம் எரிபொருள் நிலையம் குறைவு.

வன்னிக்காடு – புதன் காலை 9:45

2206 மீற்றர், கனடாவில் தார் போட்ட பாதைகளில் அதுதான் மிக உயரம். ஜூன் நடுவிலும் மேலே பனி கிடக்கும், பிள்ளைகளுக்கு உடுப்புக் கொண்டுபோங்கள். தண்ணீர்த் தொட்டி எத்தனை லீற்றர்? எண்பது என்றால் எண்பது கிலோ, அது பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிறதா முன்னாலா? நாலு பேரும் சாமானும் ஏற்றிய பிறகு ஒருமுறை எடைபாலத்தில் ஏற்றிப் பாருங்கள். கதவோரத் தகட்டில் போட்டிருக்கும் உச்ச எடையைத் தாண்டக் கூடாது.

ரைன்கரை – வியாழன் மாலை 5:50

தம்பி, ரயர் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. முன் அச்சில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது, முன் சக்கரங்களுக்குத் திரவத்தால் இழுவை கொடுக்கிற இணைப்பு. ஒரு ரயர் புதிது, மூன்று பழையது என்றால் முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுற்றும். உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் ஓயாமல் சூடாகி, கப்ளிங் இறுகிப்போகும். வெறுமையான தார்த் தரையில் ஸ்ரேரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். வான் பிடித்து இழுப்பதுபோல நின்றால் மலைக்குப் போகமுன் எனக்குத் தனிமடல் போடுங்கள். எந்த நேரமென்றாலும் பார்க்கிறேன்.

ரைன்கரை – ஞாயிறு இரவு 8:05

போய்விட்டீர்களா? ரயர் பார்த்தீர்களா?