‘கோர்ஸ்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும் (திங்கட்கிழமைக்குள்)

கோவையிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். வரும் பருவத்தில் எங்கள் கல்லூரியின் எல்லாத் துறைகளும் நடத்தவிருப்பவற்றின் பட்டியலைத் தமிழில் பெயர்க்கும் பணி என்னிடம் வந்துள்ளது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். முதல் வரிசையிலேயே நின்றுவிட்டேன். சப்ஜெக்ட் என்ற கட்டத்தில் ‘பாடம்: இயற்பியல்’ என்றும், கோர்ஸ் என்ற கட்டத்தில் ‘பாடம்: வெப்ப இயக்கவியல்’ என்றும், உட்பிரிவில் ‘பாடம் 3: கார்னோ இயந்திரம்’ என்றும் எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இயற்பியல் மாணவர் வரலாற்றிலோ வணிகவியலிலோ ஒன்றை எடுத்துப் படிக்கலாம் என்னும் விதி, ‘பிற பாடத்தில் ஒரு பாடம்’ என்று வந்து நிற்கிறது. அறிவுப்புலத்திற்கு ஒரு சொல்லும், ஒரே பருவத்தில் நடத்தி முடித்துத் தேர்வு வைக்கும் கூறுக்கு வேறொரு சொல்லும் தேவை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா, எங்கள் பக்கத்தில் இச்சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. பட்டத்துக்குரிய முழுப் படிப்பைக் கற்கைநெறி என்கிறோம். ஓர் அரையாண்டில் முடிவது பாட அலகு. (நீங்கள் பருவம் என்பதைத்தான் அரையாண்டு என்கிறோம். செமஸ்டரின் இலத்தீன் மூலத்துக்கும் ஆறு மாதம் என்பதே பொருள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

சென்னையிலிருந்து:

அலகு இங்கே செல்லாது, ஐயா. எங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் ஒவ்வொரு கோர்ஸும் ஐந்து அலகுகளாகப் பிரிக்கப்படுவது வழக்கம். ‘ஐந்து அலகுகள் கொண்ட ஓர் அலகு’ என்று எழுத நேரும். போதாக்குறைக்கு நான் கிரெடிட் என்பதை மதிப்பலகு என்று எழுதி வருகிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரை அல்லது இரண்டு மணி நேரச் செய்முறை ஒரு கிரெடிட் என்று 2015இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த கணக்கு கோர்ஸைத்தான் அளக்கிறது, சப்ஜெக்டை அன்று. ஆகவே இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று அம்மையார் கேட்பது வெறும் சொல்லாசை இல்லை. ‘பாடநெறி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. கோர்ஸ் என்பதன் வேர் ஓடுதலைக் குறிப்பது. ஓடும் தடம் நமக்கு நெறிதானே?

நெல்லையிலிருந்து:

பாடம் வடசொல் என்பதை எவரும் ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது வருத்தமளிக்கிறது. அதன் வாலில் நெறியை ஒட்டினால் அது தமிழாகிவிடாது. நம்மிடம் சொல் இல்லையா? ‘நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு, ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது, ஓத்தென மொழிப உயர்மொழிப் புலவர்’ என்று தொல்காப்பியம் சொல்ல, நன்னூலும் அதையே எடுத்தாள்கிறது. ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது, அதாவது வெப்பத்தைப் பற்றியவற்றையெல்லாம் ஒரே இடத்தில் முறைப்படக் கோப்பது. இதைவிடத் துல்லியமான வரையறையை எந்தப் பல்கலைக்கழக விதிநூலில் காட்ட முடியும்? ஓதுதல் என்னும் வினை இன்றும் வாழ்கிறது: கோயிலில் ஓதுவார் இருக்கிறார், பள்ளிவாசலில் பிள்ளைகள் ஓதப் போகிறார்கள். ‘இயற்பியலில் ஆறு ஓத்து, பிற துறையில் ஓர் ஓத்து’ என்று எழுதிப் பாருங்கள்.

கோவையிலிருந்து:

புலவர் ஐயா அவர்களுக்கு, வரையறை அழகானது, மறுப்பில்லை. ஆனால் இளங்கலை முதலாண்டு வகுப்பில் எழுபது மாணவர்கள் முன்னால் நின்று அச்சொல்லை உரக்கச் சொல்ல என்னால் இயலாது. காரணத்தை இக்குழுவில் எழுதவும் இயலாது. தமிழ்நாட்டில் பேருந்தில் சென்ற எவருக்கும் விளங்கும்.

சென்னையிலிருந்து:

இன்னொன்றும் உண்டு. ஓத்து பேசும் அதே நன்னூல், மாணவன் பயிலும் முறையைச் சொல்லும் இடத்தில் ‘வழக்கறிதல், பாடம் போற்றல்’ என்றே தொடங்குகிறது. பவணந்திக்கு ஆகிவந்த சொல் நமக்கு ஆகாதா?

மதுரையிலிருந்து:

நான் ஆய்வு மாணவன். பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். எங்கள் விடுதியில் எவரும் பாடம் என்றும் சொல்வதில்லை, கோர்ஸ் என்றும் சொல்வதில்லை. ‘இந்த செம்ல எத்தனை பேப்பர்?’ என்பதே கேள்வி. வழக்கு அதுவாக இருக்கும்போது ‘தாள்’ என்று வைத்தால் என்ன? தாளுக்கு முயற்சி என்னும் பொருளும் உண்டு. ‘தாளாற்றித் தந்த பொருளெல்லாம்’ என்பது குறள். மாணவன் செலவிடும் உழைப்பைத்தானே கிரெடிட் அளக்கிறது? எனவே தாளுக்கு நான்கு கிரெடிட் என்பது, முயற்சிக்கு நான்கு மதிப்பு என்றாகும்.

நெல்லையிலிருந்து:

தம்பி, தாளுக்கு அடி என்றும், நெல்லின் அடித்தண்டு என்றும் பொருள் உண்டு. அறுவடைக்குப் பின் வயலில் நிற்பதும் தாள்தான். தேர்வு முடிந்த மாணவன் தலையில் நிற்பதற்கு அது பொருந்தலாம். ‘நற்றாள் தொழாஅர்’ என்பதைத் தேர்வுக்கு முதல்நாள் இரவு எல்லாரும் வேறு பொருளில் படிப்பார்கள்.

கோவையிலிருந்து:

சிரித்தேன், ஆனால் பட்டியல் நகரவில்லை. தாள் என்று வைத்தால் ‘மூன்றாம் தாளின் வினாத்தாளுக்குரிய விடைத்தாள்’ என்று தேர்வு அறிவிப்பில் வரும். ஒரு பக்கம்கூடத் தாளில் எழுதாத களப்பணியையும் தாள் என்றே சொல்ல வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆகிவிட்டதால் ஒரு முடிவுக்கு வருகிறேன். சப்ஜெக்டுக்குத் துறை, கோர்ஸுக்குப் பாடநெறி, அதன் உட்பிரிவுக்குப் பாடம். முதல் வரிசை இப்போது ‘துறை: இயற்பியல், பாடநெறி: வெப்ப இயக்கவியல், பாடம் 3: கார்னோ இயந்திரம்’ என்று இருக்கிறது. விதியும் ‘பிற துறையில் ஒரு பாடநெறி’ என்று நேராகிவிட்டது. ஒப்புதலோ சோர்வோ, மூவர் இதற்கு இசைந்து தனிமடல் எழுதியிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அச்சுக்குப் போகும் முன் ஒரு சொல். இங்கே ‘மூன்று மாதக் கணினிப் பாடநெறி’ என்றால் சான்றிதழோடு முடியும் முழுப் பயிற்சி. உங்கள் பட்டியலை எங்கள் மாணவர் பார்த்தால் வெப்ப இயக்கவியலுக்குத் தனிச் சான்றிதழ் தருவீர்கள் என்றே நினைப்பர். எதிர்க்கவில்லை, பதிவுக்காக எழுதுகிறேன்.

நெல்லையிலிருந்து:

நானும் பதிவுக்காக: என் வருகைப் பதிவேட்டில் ‘ஓத்து 3’ என்றே எழுதி வைத்திருக்கிறேன். உரக்கப் படிப்பதில்லை.

மதுரையிலிருந்து:

பட்டியல் அச்சாகிவிட்டதாக அறிந்தேன், வாழ்த்துகள், அம்மா. ஆனால் ஒரு ஐயம். எனக்கு முதுகலையில் ஒரு பேப்பர் அரியர் இருந்தது. அதை ‘நிலுவைத்தாள்’ என்று வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு உடனே விளங்கிற்று. இனி ‘நிலுவைப் பாடநெறி’ என்றுதான் சொல்ல வேண்டுமா?