அப்டேட்: பழைய ஃபிலிம் ஸ்கேனர் விண்டோஸ் 11ல ஓடிடுச்சு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஸ்கேனர், அதோட சாஃப்ட்வேர் புது லேப்டாப்ல இன்ஸ்டால் ஆகுது ஆனா ஸ்கேனர் மட்டும் தெரியலன்னு கேட்டிருந்தேன்ல, இப்ப வேலை செய்யுது.

கம்பாட்டிபிலிட்டி மோட் போடுன்னு நிறைய பேர் சொன்னீங்க. அது சாஃப்ட்வேர்கிட்ட மட்டும் "இது எக்ஸ்பிதான்"னு நடிக்கும், டிரைவருக்கு (ஸ்கேனரை விண்டோஸோட பேச வைக்கிற புரோகிராம்) உதவாது. டிரைவர் கெர்னல்ல (விண்டோஸோட மையப் பகுதி) ஓடுது, 64 பிட் விண்டோஸ் இந்த மாதிரி 32 பிட் கெர்னல் டிரைவரை லோடே பண்ணாது, விண்டோஸ் 11க்கு 32 பிட் எடிஷனே கிடையாது, அப்புறம் எங்க போறது.

அதனால வர்ச்சுவல்பாக்ஸ்ல (கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட்டற சாஃப்ட்வேர்) 32 பிட் எக்ஸ்பி (பழைய சிஸ்டத்தோட சிடி, கீ ரெண்டும் பீரோல இருந்துச்சு) போட்டு டிரைவரை அதுக்குள்ள ஏத்தினேன். செட்டிங்ஸ்ல யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலர் செலக்ட் பண்ணுங்க, 3.0 வெச்சா எக்ஸ்பிகிட்ட அதுக்கு டிரைவர் இல்ல. அப்புறம் யூஎஸ்பி ஃபில்டர்ல ஸ்கேனரை சேர்த்துட்டா எக்ஸ்பி ஓடும்போது ப்ளக் பண்ணதும் நேரா அதுக்குள்ள போயிடும். எக்ஸ்பிக்குள்ள கெஸ்ட் அடிஷன்ஸ் (வர்ச்சுவல்பாக்ஸோட துணை சாஃப்ட்வேர்) போட்டா ஷேர்டு ஃபோல்டர் வழியா ஃபைல் வெளிய வந்துடும்.

வர்ச்சுவல்பாக்ஸ்ல அந்த எக்ஸ்பியோட நெட்வொர்க் அடாப்டரை ஆஃப் பண்ணிடுங்க, எக்ஸ்பிக்கு சப்போர்ட் 2014லயே முடிஞ்சிருச்சு, நெட்ல விட்டா பாதுகாப்பில்ல.

வ்யூஸ்கேன் (தனியா கிடைக்கிற ஸ்கேனிங் சாஃப்ட்வேர்) சொன்னவருக்கு: அதுல நிறைய பழைய ஸ்கேனருக்கு சொந்த டிரைவரே இருக்கு, சரிதான், ஆனா காசு கட்டணுமே!